மாப்பிள்ளைக்கு, வாஷிங் மெஷின் விஷயமாக

அன்பிலும் பாசத்திலும் எந்தக் குறையும் வைக்காத மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்காவும் சுகம், என் இரண்டு முழங்காலுக்கும் கீழே தோலுரிந்த இடங்கள் நீங்கலாக. உன் சுகத்தையும், தங்கச்சியின் சுகத்தையும், மருமகளின் சுகத்தையும் உன் அக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் வீட்டுக்கு வந்து விசாரித்துக்கொண்டு போவதால் எனக்கும் அவ்வப்போது தெரிய வருகிறது. என்றாலும் கடிதம் என்றால் விசாரிக்க வேண்டும், விசாரிக்கிறேன். உன் வலது கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் தனியாகக் கேட்கிறேன். இரண்டு வருஷமும் நாலு மாதமுமாக நான் கேட்காத கேள்வி அது. எடுத்த எடுப்பில் கேட்டுவிட வேண்டும் என்று மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். நாலாவது தாளிலும் இத்தனை வரி தாண்டித்தான் வந்திருக்கிறது.

நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். மறக்க விடுகிற இடத்திலா அடிபட்டது. இருந்தாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். நாங்கள் இந்த மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடிவந்த அன்று, பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு நீ உதவிக்கு வந்தாய். லிஃப்ட் இல்லாத கட்டடம். கட்டில், மேஜை, பாத்திர மூட்டை எல்லாம் ஏறிவிட்டன. கடைசியில் வாஷிங் மெஷின். "ஆள் வெச்சுக்கலாமே" என்று உன் அக்கா சொன்னதற்கு, "ரெண்டு ஆம்பளைங்க இருக்கோம், எதுக்கு ஆளு" என்று சொன்னது நான்தான். நீ கீழ்ப்பக்கம், நான் மேல்பக்கம். படியேறும்போது கனம் முழுக்கக் கீழே நிற்பவன் மேல்தான் இறங்கும் என்று தெரிந்துதான் மேல்பக்கத்தை எடுத்துக்கொண்டேன் என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில், "அத்தான், புடிச்சுக்கோங்க, நான் திருப்பறேன்" என்றாய். அடுத்த நொடி மெஷின் உன் வலது பாதத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கச்சி ஓடிவந்து "என்னண்ணா ஆச்சு" என்று கேட்டபோது நான் சொன்னது ஒரே வாக்கியம்: "அவன் அவசரப்பட்டுத் திருப்பினான், எனக்குக் கை வழுக்கிடுச்சும்மா." ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். அதற்கப்புறம் நீயும் என்னோடு பேசவில்லை, நானும் உன் வீட்டுப் படி ஏறவில்லை. விசிலும் கையுமாக மைதானத்தில் பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்த உன்னை லைப்ரரியில் உட்காரவைத்துப் புத்தகங்களுக்கு அட்டை போடச் சொல்லிவிட்டார்கள் என்று உன் அக்கா வந்து சொன்ன அன்று, நான் சாப்பாட்டில் உப்பு கம்மி என்று சண்டை போட்டேன். வேறு எதைச் சொல்வது என்று தெரியவில்லை.

மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓரத்தில் ஒரு கீறல். "நல்லவேளை சார், கால்மேல விழுந்துச்சு, தரையில விழுந்திருந்தா மோட்டார் போயிருக்கும்" என்றான் பார்க்க வந்த மெக்கானிக். அவனுக்கு நான் டீ கொடுக்கவில்லை. ஆனால் மாப்பிள்ளை, மனசுக்குள் ஒரு மூலையில் எனக்கும் அந்த நல்லவேளை தோன்றியிருந்தது. அதனால்தான் அவன்மேல் அவ்வளவு கோபம்.

அதன்பிறகு கை வழுக்கிய கதையை நான் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது. ஒரு தடவை சொன்னால் போதாது, அதற்குத் தக்கபடி வாழவும் வேண்டும். கடைக்குப் போனால் கனமான பையை உன் அக்கா கையில் கொடுத்தேன். பாட்டில் மூடியைத் திறக்கச் சொன்னால் முகத்தைச் சுளித்துத் திருகுவதுபோல் திருகிவிட்டு, "முடியலம்மா, கையில பிடியே இல்ல" என்று அவளிடமே நீட்டினேன். வேலையில் மட்டும் கை சரியாக இருந்தது. நான் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் என்பதும், மாணவர்கள் சுவரில் மோதப் போகும்போது பக்கத்து சீட்டிலிருந்து ஸ்டீரிங்கை ஒரு கையால் பிடித்து இழுப்பதுதான் என் பிழைப்பு என்பதும் அவளுக்கு நினைவில் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றரை வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் அவள், "கையில பலம் இல்லைன்னு ஊரெல்லாம் சொல்றீங்க இல்ல, போய் பலப்படுத்திக்கிட்டு வாங்க. எவ்வளவு நாளைக்கு நானே மூடி திறக்கறது" என்று சொல்லி, அடுத்த தெரு ஜிம்மில் என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. ஏன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்லியிருப்பேன். உண்மை என்னவென்றால், பளு தூக்கச் சொல்லிக் கொடுக்கிற ஒருவர் என் கையைச் சோதித்துப் பார்த்து "ஆமா, உங்க பிடி ரொம்ப வீக்" என்று சொல்லிவிட்டால், நான் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிடும் இல்லையா. ஒரு சர்ட்டிஃபிகேட் வாங்கத்தான் போனேன்.

போன இடத்தில் கோச்சாக நின்றிருந்தது யார் தெரியுமா. ஐந்து வருஷத்துக்கு முன்னால் என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண். இரண்டு மாதம் செகண்ட் கியரைத் தாண்டாதவள். மூன்று தடவை டெஸ்டில் தோற்று நாலாவது தடவை தேறினாள். அவளுக்கு நான் செகண்ட் கியர் என்று பெயர் வைத்து, வீட்டிலும் ஸ்கூலிலும் சொல்லிச் சிரித்ததுண்டு. வாசலிலேயே கும்பிட்டு, "வாங்க சார், செகண்ட் கியர்தான் இங்க கோச்" என்றாள். அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

அவள் எனக்குக் கற்றுக்கொடுத்தது டெட்லிஃப்ட். நீ பி.டி. மாஸ்டர், உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். தரையில் ஒரு கம்பி கிடக்கும். இரண்டு பக்கமும் இரும்புத் தட்டு மாட்டியிருக்கும். குனிந்து இரண்டு கையாலும் பிடித்து, நேராக நிமிர்ந்து நின்று, மறுபடி அது இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். இதனால் யாருக்கு என்ன லாபம் என்று முதல் நாள் கேட்டேன். "தூக்கறது பாதிதான் சார், ஒழுங்கா கீழ வைக்கறதுதான் மீதி" என்றாள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவளுக்கு நம் மாடிப்படி விஷயம் எதுவும் தெரியாது.

அன்றைக்கே அவமானங்கள் ஆரம்பம். அதற்கென்று வாங்கிய தடித்த ஷூவைக் கழற்றச் சொன்னாள், பாதம் தரையில் அழுந்த வேண்டுமாம். கழற்றினால் சாக்ஸில் கட்டைவிரல் முழுதாக வெளியே நின்று எல்லாரையும் பார்த்தது. கம்பியைத் தூக்கினேன். "சார், சீட்டுக்கு அடியில சாவி தேடற மாதிரி குனியாதீங்க" என்றாள். நான் அவளுக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்தபோது பேசிய அதே குரல். "எனக்கு வீக் பாயிண்ட் கைதாம்மா, கையைக் கொஞ்சம் பாருங்க" என்றேன். "பார்க்கலாம் சார், அவசரமில்ல" என்றாள். அறுபது கிலோ வரை ஏதோ வந்தது. எழுபதில் கம்பி தரையை விட்டு எழும்பவே இல்லை. நான் வெடுக்கென்று இழுப்பேன், அது அப்படியே கிடக்கும், என் தோள் மட்டும் கழன்று வருவதுபோல் இருக்கும். "பாத்தீங்களா, கை" என்றேன். "கை இல்ல சார், கால். தரையிலேருந்து கிளப்பறது கால். நீங்க காலை உபயோகிக்கவே இல்ல, அதுக்கு முன்னாடியே வெடுக்குன்னு இழுக்கறீங்க. கிளட்ச்சை எப்படி விடணும்னு எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க? எஞ்சின் பிடிக்கற இடம் வரைக்கும் மெதுவா, அப்புறம்தானே ஆக்சிலேட்டர்? கம்பியும் தட்டும் ஒண்ணா சேர்ற அந்தக் கிளிக் சத்தம் வரைக்கும் மெதுவா இழுத்து வெச்சுக்கிட்டு, அப்புறம் தரையைக் காலால தள்ளுங்க." இரண்டங்குலப் பலகைமேல் நிற்கவைத்து, இன்னும் ஆழத்திலிருந்து தூக்கவைத்து, ஆறு வாரம் அதே வேலை. கற்றுக்கொடுத்தவனுக்கே கிளட்ச் பாடம் நடத்தினாள். எழுபது எழுந்தது.

எழுபது எழுந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் யாரோடோ பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கூட இரண்டு தட்டைச் சத்தமில்லாமல் மாட்டி இழுத்தேன். இடுப்பில் யாரோ கதவைச் சாத்தியதுபோல் இருந்தது. மூன்று வாரம் தடை. காரில் உட்கார்ந்தால் திரும்பிப் பார்க்க முடியவில்லை, மாணவர் ரிவர்ஸ் எடுத்தால் நான் கண்ணாடியை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒரு காலை, சிக்னலில் நிற்கிறோம். பக்கத்தில் வேறொரு டிரைவிங் ஸ்கூல் கார். ஸ்டீரிங்கில் என் மருமகள். மாப்பிள்ளை, உன் மகள் வண்டி கற்றுக்கொள்கிறாள் என்றே எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் வேண்டியதில்லை, எந்த முகத்தோடு அவளை என்னிடம் அனுப்புவாய். பச்சை விழுந்தது. அவள் வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. பின்னால் ஹாரன். அவள் பக்கத்து வாத்தியார் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். மூடிய கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நான் கையைத் தூக்கிக் காட்டினேன், காலை அமுக்கு, மெதுவா, மெதுவா, இப்ப விடு என்று. அவள் என் கையையே பார்த்தாள். வண்டி நகர்ந்தது. நன்றி சொல்வதுபோல் தலையை லேசாக ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். என் மாணவர் பச்சை போய் மறுபடி சிவப்பு விழுந்துவிட்டது என்று சொன்னபோதுதான் நாங்கள் நகரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அன்று முழுக்க என்னால் யாருக்கும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. அவளுக்குப் பதினெட்டு வயதானதும் நான்தான் கற்றுக்கொடுப்பேன் என்று அவள் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போதே வாக்குக் கொடுத்தவன் நான்.

மறுபடி ஐம்பதிலிருந்து ஆரம்பித்தோம். எண்பத்தைந்தில் அடுத்த முட்டுக்கட்டை. தரையை விட்டு எழுந்துவிடும், முழங்கால் தாண்டியதும் நின்றுவிடும். நான் நடுங்கிக்கொண்டு பாதியில் நிற்பேன், ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன். "இப்பவாவது கையைப் பாரும்மா" என்றேன். "கை இல்ல சார், முதுகு. கம்பி உடம்பை விட்டு முன்னாடி போகுது. அக்குள்ல ஒரு செய்தித்தாளை இடுக்கிக்கிட்டா எப்படி இருப்பீங்க, அப்படி இருங்க" என்றாள். நான் வீட்டில் நிஜமாகவே இரண்டு அக்குளிலும் பழைய செய்தித்தாளை இடுக்கிக்கொண்டு, இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கிச் சமையலறையில் நின்று பழகினேன். உன் அக்கா உள்ளே வந்து பார்த்துவிட்டு, வெளியே போய் விளக்கை அணைத்தாள். கம்பியைக் காலோடு ஒட்டி இழுத்ததில்தான் முன்காலில் தோலுரிந்தது. முழங்காலுக்குக் கீழே கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று எண்ணும்வரை நிற்க வேண்டும் என்று ஒரு பயிற்சி. அந்த மூன்று நொடியில் எனக்கு எப்போதும் அந்த இரண்டாம் மாடித் திருப்பம்தான் ஞாபகம் வரும். பிறகு காய்ச்சல் வந்து பதினைந்து நாள் படுத்தேன், எழுந்து வந்தால் அறுபதுகூட மலையாக இருந்தது. அழுகையே வந்துவிட்டது. "சார், நீங்க என்னை மூணு தடவை மறுபடி டெஸ்டுக்கு அனுப்பினீங்க. நான் வரலையா" என்றாள் செகண்ட் கியர். வந்தாள்தான்.

இப்படியே எட்டு மாதம் போய், காலும் சரியாகி முதுகும் சரியாகி, இனிமேல் கையை விட்டால் வேறு உறுப்பு பாக்கியில்லை என்ற நிலைமை வந்தது. அன்றைக்கு அவளே சொன்னாள், "வாங்க சார், உங்க ஆசைப்படி இன்னிக்கு கையைப் பார்த்துடலாம்." எண்பது கிலோவைத் தூக்கி நின்று, எவ்வளவு நேரம் பிடிக்க முடிகிறது என்று அவள் கடிகாரத்தில் பார்ப்பாள். தூக்கி நின்றேன். மாப்பிள்ளை, கை கல்லுமாதிரி இருந்தது. இருபத்தேழு வருஷமாக ஸ்டீரிங்கையும் ஹேண்ட் பிரேக்கையும் பிடித்த கை, அது எங்கே வழுக்கும். பத்து நொடி ஆச்சு, பன்னிரண்டு ஆச்சு. இன்னும் ஒரு நிமிஷம்கூட நிற்பேன் என்று தெரிந்தது. தெரிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. விட்டுவிட்டேன். கம்பி விழுந்த சத்தத்தில் பக்கத்தில் வயிற்றுப் பயிற்சி செய்துகொண்டிருந்தவர் எழுந்தே போய்விட்டார். "வழுக்கிடுச்சும்மா" என்றேன். அவள் கடிகாரத்தை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்: "வழுக்கல சார். விட்டுட்டீங்க."

"இல்லம்மா, கை..."

"வழுக்கினா முதல்ல சுண்டுவிரல் திறக்கும், அப்புறம் அடுத்தது, கம்பி கொஞ்சம் கொஞ்சமா விரல் நுனிக்கு வரும். தினமும் பாக்கறேன். உங்களுக்கு அஞ்சு விரலும் ஒரே நேரத்துல திறந்துச்சு. உங்க கைக்கு ஒரு குறையும் இல்ல சார். எதுக்கு விட்டீங்க?"

நான் ஷூவை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். காரில் ஏறிப் பழக்கதோஷத்தில் ஓட்டுகிற சீட்டுக்குப் பதிலாக வாத்தியார் சீட்டில் உட்கார்ந்து, வண்டி யார் எடுப்பார்கள் என்று காத்திருந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் இன்னொரு ஆள் யாரும் வரப்போவதில்லை என்று உறைத்தது.

இப்போது எழுதிவிடுகிறேன், இதற்குத்தான் இவ்வளவு சுற்று. அன்றைக்கு என் சட்டைப்பையில் போன் இருந்தது. வாங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. நீ திருப்புகிறேன் என்றபோது நான் குனிந்தேன், போன் பையிலிருந்து நழுவியது. ஒரு கையை எடுத்து அதைப் பிடித்தேன். பிடித்தும்விட்டேன், கீறல்கூட விழவில்லை. நீ அவசரப்படவில்லை. என் கை வழுக்கவில்லை. போனுக்கும் உன் காலுக்கும் நடுவில் என் கை ஒன்றைத் தேர்ந்தெடுத்தது, அதைத்தான் நான் வழுக்கல் என்று பெயர் மாற்றி இரண்டு வருஷம் நாலு மாதம் நடத்திக்கொண்டு வந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் சொன்னேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியும்" என்றாள். எப்படி என்றேன். "அவன் கீழதானே நின்னான், மேல பாத்துக்கிட்டுதானே இருந்தான். உங்க கையில போன் இருந்ததை அவன் பார்த்தான். கட்டுப் போட்ட அன்னிக்கே என்கிட்ட சொன்னான். நான் சண்டைக்குக் கிளம்பினேன், அவன்தான் விடல. கேக்காத அக்கா, அத்தானே சொல்லட்டும், அப்பதான் அவர் மனசும் லேசாகும்னான். நானும் இன்னிக்குச் சொல்வீங்க, நாளைக்குச் சொல்வீங்கன்னு மூடியைத் திறந்து குடுத்துக்கிட்டே இருந்தேன்." என் சட்டையை எடுத்து மடித்தாள், அந்தப் பையைத் தடவி மடிப்பைச் சரிசெய்தாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

ஆக, உனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைத்தான் பக்கம் பக்கமாக உனக்கே எழுதியிருக்கிறேன். மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை, அது கேட்டு வாங்குகிற பொருளாகவும் தெரியவில்லை. போன சனிக்கிழமை நூறு கிலோ தூக்கினேன். எல்லாரும் கைதட்டினார்கள். நான் அதை மெதுவாகக் கீழே வைத்தேன், சத்தம் வராமல். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன், அந்த வாஷிங் மெஷின் எழுபது கிலோகூட இருக்காது என்றுதான் தோன்றியது.

நீ அவசரப்பட்டு வந்து என்னைப் பார்க்க வேண்டாம். உன்னை நேரில் பார்க்கிற தைரியம் வர எனக்கு இன்னும் மூன்று மாதமாவது வேண்டும், அதற்கும் ஒரு பயிற்சி அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன். முதலில் தங்கச்சிக்குத் தனிக் கடிதம், பிறகு மருமகளுக்கு, பிறகு உன் தெரு முனைவரை, பிறகு உன் வாசல். இன்னொன்றும் உறுதி. இனி என் வாழ்நாளில் எதைத் தூக்கவும் உன்னைக் கூப்பிட மாட்டேன். எதுவாக இருந்தாலும் நானே, முதுகு வளையாமல், முறைப்படி தூக்குவேன்.

தங்கச்சிக்கு என் அன்பு. மருமகளுக்கு ஆசி, கிளட்ச்சை அவள் நன்றாக விடுகிறாள் என்று சொல். உன் கால் குணமாகி நீ மறுபடி மைதானத்தில் விசில் ஊத வேண்டும் என்று நினைக்காத நாளில்லை.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே கையெழுத்துப் போட்டு முடித்ததும் பேனா மூடி உருண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டது. எந்த முறையும் இல்லாமல் சட்டென்று குனிந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. தரையில் ஒருக்களித்துக் கிடந்தபடி உன் அக்காவுக்குப் போன் போட்டேன், இன்று ஞாயிறு, அவள் உன் வீட்டில்தான் இருந்தாள், கை ஈரமாக இருந்ததாம், நீ எடுத்துவிட்டாய். "யாரு" என்றாய். "நான்தான், முதுகு" என்றேன். "அசையாதீங்க அத்தான், வர்றேன்" என்றாய். நீ மாடியேறி வந்த சத்தம் எனக்குக் கேட்டது, ஒரு அடி அழுத்தமாக, ஒரு அடி லேசாக, மூன்று மாடியும். சாத்தாத கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, முழங்காலை மடக்கி, என் அக்குளுக்குக் கீழே கைகொடுத்து, ஒரே சீராகத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தாய். "எத்தனை கிலோ இருப்பீங்க" என்று மட்டும் கேட்டாய். எழுபத்தெட்டு என்றேன். நீ இப்போது என் சமையலறையில் வெந்நீர் ஒத்தடத்துக்குத் தண்ணீர் சுடவைத்துக்கொண்டிருக்கிறாய். "என்னத்தான் எழுதறீங்க, இந்த வலியில" என்று அங்கிருந்தே இப்போது குரல் கொடுத்தாய். "ஒண்ணுமில்ல, ஆபீஸ் லெட்டர்" என்று சொல்லிவிட்டேன். பார், மறுபடியும். அதனால் இதற்கு ஸ்டாம்ப் ஒட்டப் போவதில்லை. நீ தண்ணீரோடு வந்ததும் உன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். நின்றுகொண்டே படிக்காதே, கால் வலிக்கும், எதிர் நாற்காலியில் உட்கார். படித்து முடிக்கும்வரை நான் எழுந்து போய்விட மாட்டேன். எழுந்திருக்கவும் முடியாது.